கம்பியைப் பிடித்து நின்றவர்

கார்த்திகை மாதத்தில் கறுப்புச் சட்டை போட்டால் ஐயப்ப பக்தர் என்று விட்டுவிடுவார்கள். மற்ற மாதங்களில் போட்டால் பெரியார் தொண்டர் என்று நினைத்துக்கொள்வார்கள். சித்திரை வெயிலில் கறுப்பு டி-ஷர்ட்டோடு, அதன் நெஞ்சில் ஓர் எலும்புக்கூடு பல்லை இளித்துக்கொண்டிருக்க, மாம்பலம் ரயில் நிலையப் படிகளில் மூச்சு வாங்க ஏறுகிறவர் இந்த இரண்டிலும் சேரமாட்டார். அவர் ராக் ரசிகர். வயது நாற்பத்தைந்துக்கு மேல், ஐம்பதுக்குள். வங்கியிலோ மென்பொருள் நிறுவனத்திலோ நல்ல வேலை. வீட்டுக் கடனும் தலைமுடியும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் குறைந்துகொண்டு வரும். அவரை அண்ணன் என்றே வைத்துக்கொள்வோம். உங்கள் அலுவலகத்திலும் ஓர் அண்ணன் நிச்சயம் இருப்பார்.

சாதாரணமாக அண்ணன் அதிகம் பேசமாட்டார். ஆனால் எந்தப் பேச்சுக்கும் ஒரு சந்து உண்டு, அதன் வழியாக அவர் பெங்களூர் போய்விடுவார். மழையைப் பற்றிப் பேசினால் பெங்களூர் மழை. கூட்ட நெரிசலைப் பற்றிப் பேசினால் பெங்களூர் அரண்மனை மைதானத்துக் கூட்டம். ஒருமுறை கேன்டீனில் ஒருவர் பப்ஸ் ஆறிப்போயிருக்கிறது என்று குறைபட்டதிலிருந்து ஆரம்பித்து, இரண்டே வாக்கியத்தில் அயர்ன் மெய்டனுக்கு வந்து சேர்ந்தார். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் பப்ஸை அப்படியே வைத்துவிட்டுப் போக வேண்டியதாயிற்று.

அவருடைய நாட்காட்டியில் முதல் தேதி 2007 மார்ச் 17, சனிக்கிழமை. அயர்ன் மெய்டன் பெங்களூரில் வாசித்த நாள். ஒரு பெரிய ஹெவி மெட்டல் குழு, கைகால் நன்றாக இருக்கும்போதே இந்தியாவுக்கு வந்தது அன்றுதான் என்று சாதிப்பார். நானும் பெரிதாக மறுக்கமாட்டேன். அதற்குமுன் வந்த பெரும்புள்ளிகள் பெரும்பாலும் பேரன் பேத்தி எடுத்தபிறகு வந்தவர்கள். 1980-ல் தி போலீஸ் குழு வாலிப முறுக்கோடு பம்பாய் ரங் பவனில் வாசித்ததை வேண்டுமானால் விதிவிலக்காகச் சொல்லலாம். அந்தக் கச்சேரியை நடத்தியது ஒரு மகளிர் சங்கம், தொண்டு காரியத்துக்காக. இந்தத் தகவலை அண்ணனிடம் சொன்னால் முகம் சுருங்கும். ராக் என்றால் கலகம் அல்லவா, அதில் மாதர் சங்கத்துக்கு என்ன வேலை!

மெய்டன் கதையை அவர் சொல்லக் கேட்க வேண்டும். முதல் அத்தியாயம், லீவு வாங்கிய படலம். அண்ணனுக்குத் திருவண்ணாமலையில் ஒரு சித்தப்பா. 2003-ல் ரோலிங் ஸ்டோன்ஸ் வந்தபோது ஒருமுறை காலமானார். 2005-ல் மார்க் நாப்ளருக்காக இன்னொருமுறை. 2007-ல் மெய்டனுக்காக மூன்றாம் முறை. மனிதர் இன்றும் கிரிவலப் பாதையில் தினமும் நடைப்பயிற்சி போகிறார். இரண்டாவது அத்தியாயம், பெங்களூர் மெயிலில் முன்பதிவில்லாப் பெட்டியில் கழிவறைக் கதவோரம் உட்கார்ந்து போனது. மூன்றாவது, சிவாஜி நகரில் ஒரு நண்பனின் அறை. ஆறு பேருக்கு ஒரே வாளி தண்ணீர். நான்காவது, மைதானத்துக்கு வெளியே வெயிலில் நின்ற வரிசை. ஐந்தாவது, வாசலில் பெல்ட்டைக் கழற்றச் சொன்னது, தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கியது, பிடுங்கிய பாட்டிலையே உள்ளே நாலு மடங்கு விலைக்கு விற்றார்கள் என்ற சந்தேகம்.

இவ்வளவும் முடிய முக்கால் மணி நேரம் ஆகும். நமக்கும் கால் கடுத்துவிடும். கடைசியில் விளக்கு அணையும், மெய்டன் கச்சேரிகளில் வழக்கமாக மேடையேறுமுன் ஒலிக்கும் யூஎஃப்ஓ குழுவின் பழைய பாட்டு ஒலிபெருக்கியில் வரும், ஜனம் ஓவென்று கத்தும். நாமும் நிமிர்ந்து உட்காருவோம். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டுவார்.

"அப்புறம் வாசிச்சாங்க பாரு... சான்ஸே இல்ல."

அவ்வளவுதான். இசையைப் பற்றி அவர் சொல்வது அது ஒன்றே. கச்சேரி முடிந்துவிட்டது. அடுத்த அத்தியாயம், திரும்பிவரும்போது மெஜஸ்டிக்கில் பஸ் கிடைக்காமல் திண்டாடியது.

அன்றைக்கு மெய்டனுக்கு முன்னால் டெல்லியின் பரிக்ரமா வாசித்தது. அவர்களை அதே வருஷம் இங்கிலாந்தின் டவுன்லோட் விழாவுக்கே கூப்பிட்டார்கள். அந்த வாசிப்பைப் பற்றி அண்ணனிடம் விசாரித்தால், "அப்போ நான் பாத்ரூம் க்யூல இருந்தேன்" என்பார். பெரிய குழுவுக்கு முன்னால் வாசிக்கும் நம்மூர்க் குழுக்களை அண்ணன் போன்றவர்கள் எப்போதும் பாத்ரூம் க்யூவிலிருந்துதான் கேட்டிருக்கிறார்கள். இந்திய ராக் இசையின் வரலாற்றை யாராவது எழுதினால் அந்த க்யூவுக்கு ஓர் அத்தியாயம் ஒதுக்க வேண்டும்.

இந்தக் கதையைப் பலமுறை கேட்டவன் என்ற முறையில் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். கதை மாறுவதில்லை. அண்ணன் நின்ற இடம் மட்டும் மாறுகிறது. முதல்முதலில் அவர் சொன்னபோது, ஒலிக் கட்டுப்பாட்டுக் கூடாரத்துக்கும் பின்னால், பப்ஸ் கடைக்குப் பக்கத்தில் நின்றார். மேடையில் இருந்தவர்கள் சுண்டுவிரல் உயரம். கல்யாணமான பிறகு கூடாரத்துக்கு முன்னால் வந்துவிட்டார். பதவி உயர்வு கிடைத்த வருஷம் மேடையிலிருந்து முப்பதடி. இப்போது முன்வரிசையில், தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். மெய்டனின் ஸ்டீவ் ஹாரிஸ் தன் பேஸ் கிட்டாரைத் துப்பாக்கி போல உயர்த்திக் கூட்டத்தைக் குறிபார்ப்பது வழக்கம். "என்னைத்தாண்டா குறி வச்சார். கண்ணு கண்ணுல பட்டுச்சு" என்கிறார் அண்ணன். இதே வேகத்தில் போனால் ஓய்வு பெறும் வருஷம் மேடைமேலேயே ஏறிவிடுவார் என்று நினைக்கிறேன்.

இதை அவருடைய தனிப்பட்ட குறை என்று சொல்லிவிட முடியாது. இது ஓர் உலகளாவிய குலம். 1976 ஜூன் 4 அன்று மான்செஸ்டரில் லெஸ்ஸர் ஃப்ரீ ட்ரேட் ஹால் என்ற சின்ன அரங்கில் செக்ஸ் பிஸ்டல்ஸ் குழு வாசித்தது. வந்திருந்தவர்கள் நாற்பது பேர் சொச்சம் என்று கணக்கு. வந்தவர்களில் பீட்டர் ஹுக் மறுநாளே போய் ஒரு பேஸ் கிட்டார் வாங்கினார். பின்னாளில் ஜாய் டிவிஷன் ஆன குழு அப்படித்தான் பிறந்தது. போனவர்கள் குழு தொடங்கினார்கள். போகாதவர்கள், போனதாகச் சொல்லத் தொடங்கினார்கள். சொன்னவர்களையெல்லாம் உட்கார வைக்கக் கால்பந்து மைதானம்தான் வேண்டும். சத்தியமாக நான் அங்கே இருந்தேன் என்ற பொருளில் தலைப்பு வைத்து டேவிட் நோலன் ஒரு புத்தகமே எழுதினார்.

அதே கட்டடத்தின் பெரிய அரங்கில் 1966 மே மாதம் பாப் டிலன் மின்கிட்டாரோடு நின்றபோது, நாட்டுப்புற இசைக்குத் துரோகம் செய்துவிட்டார் என்ற கோபத்தில் கூட்டத்திலிருந்து ஓர் ஆள் "யூதாஸ்!" என்று கத்தினான். முப்பது வருஷம் கழித்து, கத்தியது நான்தான் என்று உரிமை கோரி ஒருவருக்கு இருவர் வந்தார்கள். திட்டியதற்கே இத்தனை போட்டி என்றால் கைதட்டியதற்கு எவ்வளவு இருக்கும்! உட்ஸ்டாக் இன்னொன்று. 1969 ஆகஸ்டில் நாலு லட்சம் பேர் கூடினார்கள் என்பது வாஸ்தவம். ஆனால் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் மேடையேறியது திங்கட்கிழமை காலை. அதற்குள் பெரும்பாலோர் வேலைக்குப் போகக் கிளம்பிவிட்டார்கள். அவர் வாசித்ததைக் கண்ணாரக் கண்டோம் என்று பேரனிடம் சொல்லும் அமெரிக்கத் தாத்தாக்களில் பாதிப் பேராவது அந்த நேரத்தில் நெடுஞ்சாலை நெரிசலில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்திருப்பார்கள்.

கச்சேரி நடந்தால்தான் பெருமை என்றும் இல்லை. 2011 அக்டோபர் 28 அன்று மெட்டாலிகா முதல்முறையாக இந்தியாவில், குர்கானில் வாசிப்பதாக இருந்தது. மேடைக்கு முன்னாலிருந்த தடுப்பில் பாதுகாப்பு சரியில்லை என்று கடைசி நேரத்தில் ஒத்திவைத்தார்கள். மணிக்கணக்கில் காத்திருந்த கூட்டம் மேடையேறி ஒலிபெருக்கிகளைத் துவம்சம் செய்தது. மறுநாளும் இல்லை, ரத்தே ஆகிவிட்டது. 30-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை பெங்களூரில் ஒழுங்காக வாசித்துவிட்டுப் போனார்கள். அதற்கு அண்ணன் போயிருந்தார். மேடையேறுமுன் எந்நியோ மோரிக்கோனின் சினிமா இசை ஒலித்து, அது ஓய்ந்து, முதல் கிட்டார் அடி விழுந்ததுவரை நேரில் அனுபவித்தவர். நியாயமாகப் பார்த்தால் அன்றைய ராஜா அவர்தான்.

ஆனால் அண்ணனின் நண்பர் கூட்டத்தில் குர்கான் போன ஒருவர் இருக்கிறார். அவருக்கு முன்னால் அண்ணன் வாய் திறப்பதில்லை. கேட்ட கச்சேரியை யார் வேண்டுமானாலும் சொல்லலாம். நடக்காத கச்சேரிக்கு டெல்லிவரை போய், போலீஸ் தடியிலிருந்து தப்பி, ஒரு செருப்போடு திரும்பியவனுக்கு எதிரே என்ன பேச முடியும்? ஆற்றாமையில் அண்ணன் தன் கதையில் பெங்களூர் மைதானத்துச் சேற்றின் ஆழத்தை உயர்த்தத் தொடங்கினார். முதலில் கணுக்கால் அளவு இருந்தது. போன தீபாவளிக்கு முழங்காலைத் தொட்டது.

வீட்டில் அண்ணனின் அப்பா இருக்கிறார். எழுபத்தெட்டு வயது. மார்கழி முழுக்கச் சபாவே கதி என்று கிடக்கிறவர். மகன் கேட்பதை இசை என்று அவர் ஒப்புக்கொண்டதில்லை. அப்பா சொல்லும் கச்சேரிகளை மகன் பொறுமையாகக் கேட்டதில்லை. மதுரை சோமு நள்ளிரவு தாண்டிப் பாடியதை அப்பா ஆரம்பித்தால், அங்கேயும் முதலில் வருவது ஜட்கா வண்டி, டிக்கெட் கிடைக்காமல் பந்தலுக்கு வெளியே நின்றது, பக்கத்துக் கடையில் சாப்பிட்ட இட்லி. "அப்புறம் பாடினார் பாரு, அடடா!" என்பதோடு முடிந்துவிடும். அந்த அடடாவுக்கும் மகனுடைய சான்ஸே இல்லவுக்கும் ஸ்வரம்கூட ஒன்றுதான். இருவரும் இதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

அப்பாவிடம் சட்டைப் பைக்குள் அடங்கும் டைரிகள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. எந்தத் தேதி, எந்த சபா, என்ன ராகம், என்ன கிருதி, பக்கவாத்தியம் யார், எல்லாம் பென்சிலில். மகனிடம் ஒரு ஃபைல். அதில் எந்த ஊரில் எந்தக் குழு எந்தப் பாட்டை எந்த வரிசையில் வாசித்தது என்ற பட்டியல், கணினியில் அச்சடித்து. அப்பாவின் தெய்வம் பாலக்காடு மணி ஐயர். மைக்கே வேண்டாம், மிருதங்க நாதம் தானாகப் போய்ச் சேரட்டும் என்று பிடிவாதம் பிடித்த மேதை. மகனின் தெய்வங்களுக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு மேல் ஒலிபெருக்கிகள் மதில் கட்டியிருக்கும். இரண்டு கோயில்களிலும் பக்தர்கள் மட்டும் ஒரே மாதிரி. மிருதங்கத்தில் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் சபாவில் பாதிக் கூட்டம் கேன்டீன் பக்கம் நகரும். டிரம் சோலோ தொடங்கியதும் மைதானத்தில் பாதிக் கூட்டம் பியர் கவுண்டருக்கு நகரும். தாளவாத்தியக்காரர்கள் உலகெங்கும் முதுகுகளைப் பார்த்தே வாசித்துப் பழகியவர்கள் போலிருக்கிறது. கடைசியில் ஒன்று: மங்களத்துக்கு முன்னால் காரை எடுக்க ஓடுகிறவர்களைப் பற்றி அப்பா என்ன வசை சொல்வாரோ, மறுவாசிப்புக்கு நிற்காமல் பார்க்கிங்குக்கு ஓடுகிறவர்களைப் பற்றி மகனும் அதையே சொல்வார்.

அப்பாவின் கையில் ஓர் அஸ்திரம் உண்டு. வருஷத்துக்கு இரண்டு முறையாவது எடுப்பார்.

"ஏண்டா, ரவிசங்கர் நியூயார்க்ல வாசிச்சாரே, வங்கதேசத்துக்கு நிதி திரட்ட, 1971-ல. அவர் சுருதிதான் சேர்த்துக்கிட்டிருந்தார். உங்க ஆளுங்க அதுதான் கச்சேரின்னு நினைச்சுக் கை தட்டினாங்களேடா!"

நடந்ததுதான். மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ஜார்ஜ் ஹாரிசன் ஏற்பாடு செய்த நிகழ்ச்சி. சுருதி சேர்த்ததே இவ்வளவு பிடித்தது என்றால் வாசிப்பு இன்னும் பிடிக்கும் என்று நம்புகிறேன் என ரவிசங்கர் சிரித்தபடி சொன்னது ஒலிப்பதிவிலேயே இருக்கிறது. அண்ணனிடம் இதற்குப் பதிலும் தயாராக இருக்கும்.

"அது மரியாதைப்பா. உங்க சபால சுருதி சேர்க்கறப்ப எல்லாரும் ஸ்வெட்டரும் ப்ளாஸ்க்குமா சீட்டுக்கு அடிச்சுக்குவீங்க."

அப்பா டைரியை மூடிவிட்டு எழுந்து போய்விடுவார். அன்றைக்கு அண்ணன் கட்சி ஜெயித்ததாக அர்த்தம்.

பாட்டி உயிரோடு இருந்த காலத்தில் மட்டும் அண்ணனுக்கு வீட்டில் ஒரு துணை இருந்தது. ஆட்காட்டி விரலையும் சுண்டு விரலையும் கொம்புபோல் நீட்டி, நடு விரல்களை மடக்கிக் காட்டும் முத்திரை மெட்டல் ரசிகர்களின் வணக்கம். அதைப் பிரபலப்படுத்தியவர் பாடகர் ரோனி ஜேம்ஸ் டியோ. தன் இத்தாலியப் பாட்டி கண்ணேறு கழிக்கக் காட்டும் சைகையைப் பார்த்துக் கற்றுக்கொண்டதாக அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அண்ணன் இதைப் பாட்டியிடம் சொல்லப்போக, அந்த அம்மாள் ரொம்பவும் மகிழ்ந்து, "நல்ல குடும்பத்துப் பையன்போல இருக்கு" என்றார். தலைமுடியை விரித்துப் போட்டுக்கொண்டு சாத்தானைப் பற்றிப் பாடியவருக்கு மாம்பலத்தில் கிடைத்த ஒரே நற்சான்றிதழ் அது.

சொந்த ஊர்மேல் அண்ணனுக்கு ஒரு தீராத மனக்குறை. சென்னைக்கு யாருமே வருவதில்லை. எல்லாம் பெங்களூர், இல்லையென்றால் பம்பாய். "இங்க யாரு வந்து நாலு மணி வெயில்ல சவுண்ட் செக் பண்ணுவான்?" என்று அவரே காரணமும் சொல்வார். ஆனால் 2009-ல் ஸ்வீடனிலிருந்து ஓபெத் குழு வந்தது. ஐஐடியின் சாரங் விழாவில், மான்கள் உலவும் அந்த வளாகத்துத் திறந்தவெளி அரங்கில் வாசித்தது. அண்ணன் வீட்டிலிருந்து ஆட்டோவில் போனால் அரைமணி நேரம். அதற்கு மட்டும் அவர் போகவில்லை. உள்ளூர்தானே, சாயங்காலம் போய்க்கொள்ளலாம் என்று இருந்துவிட்டார், அனுமதிச் சீட்டெல்லாம் தீர்ந்துவிட்டது. ரயிலேறி, பொய் சொல்லி, சித்தப்பாவைக் கொன்று போனால்தான் அவருக்குக் கச்சேரி. "அன்னைக்கு சவுண்டு சுமார்தானாம்" என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார். யார் சொன்னது என்று கேட்டால், விஷயம் தெரிந்தவர்கள் என்பார்.

டி-ஷர்ட் விவகாரத்தையும் சொல்லிவிட வேண்டும். 2007-ல் மைதானத்திலேயே வாங்கியது. அளவு எம். அண்ணனின் அளவு இப்போது எக்ஸெல்லைத் தாண்டி, கடைக்காரர் உள்ளே போய்த் தேடிக்கொண்டு வர வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டது. போட முடியாது, தூக்கிப்போடவும் முடியாது என்று பீரோவின் அடித்தட்டில் கிடந்த அதை, ஒருநாள் அண்ணி தோசைக்கல் இறக்க எடுத்துக்கொண்டார். பாதி தோசையில் அண்ணன் பார்த்துவிட்டார். எலும்புக்கூட்டின் நெற்றியில் கரி. மூன்று நாள் பேச்சுவார்த்தை இல்லை. இப்போது அது கண்ணாடிச் சட்டத்துக்குள், கூடத்தில், தாத்தா படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது. தெரியாதவர்கள் வந்தால் இரண்டையும் சேர்த்துக் கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள்.

இந்தத் தலைமுறைமேல் அண்ணனுக்கு நம்பிக்கை இல்லை. அலுவலகத்தில் ஒரு பெண் 2025 ஜனவரியில் நவி மும்பைக்குப் போய் கோல்ட்ப்ளே பார்த்துவிட்டு வந்தாள். இணைய வரிசையில் லட்சக்கணக்கானவர்களோடு காத்திருந்து வாங்கிய டிக்கெட். "அது ராக்கே இல்லம்மா" என்று அண்ணன் ஆரம்பித்தார். அவள் சண்டைக்கு வரவில்லை. ஒவ்வொருவர் கையிலும் மணிக்கட்டுப் பட்டை கட்டினார்களாம், பாட்டுக்கேற்ப அது ஒளி மாறியதாம், வெளியே வரும்போது திருப்பிக் கொடுத்துவிட்டாளாம். அண்ணனுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"திருப்பிக் கொடுத்துட்டியா?"

"ஆமா சார், மறுபடி உபயோகிக்கறதுக்கு."

மெட்டாலிகா கச்சேரியில் கட்டிய காகிதப் பட்டையை இரண்டு வாரம் கையிலிருந்து கழற்றாமல், குளிக்கும்போது பாலித்தீன் உறை கட்டிக் காப்பாற்றி, இன்றுவரை பாஸ்போர்ட்டுக்குள் வைத்திருப்பவரிடம் சொல்கிற பேச்சா இது? அன்று மத்தியானம் அவர் சாப்பிடவில்லை.

அண்ணியும் ஒரு கச்சேரிக்குப் போனவர்தான் என்பது எனக்கு வெகுநாள் தெரியாது. 2009 பிப்ரவரி 15, மெய்டன் மறுபடியும் பெங்களூர் வந்தபோது கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. காதலர் தினத்துக்கு மறுநாள். அண்ணன் அந்தப் பயணத்தையே பரிசுக் கணக்கில் எழுதிவிட்டார். போன மாதம் அவர்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பேச்சு அதில் திரும்பியது. அண்ணன் ஓசூரில் ஆரம்பித்து, மைதான வாசலைத் தாண்டி, வழக்கம்போல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் ரசத்தைக் கலந்துகொண்டே, சும்மா ஒரு பேச்சுக்கு, முதல் பாட்டு எப்படி இருந்தது என்று கேட்டுவைத்தேன்.

"சான்ஸே இல்ல" என்றார் அண்ணன்.

"முதல் பாட்டுல அவர் குரல் சரியா கேக்கல" என்றார் அண்ணி, அப்பளத்தை வைத்தபடி. "ரெண்டாவதுலதான் சரி பண்ணாங்க. மூணு கிட்டார்ல ஒண்ணு எப்பவும் கீழ நின்னுக்கும், மத்த ரெண்டும் ஜோடியா மேல போகும். அது நல்லா இருந்துச்சு. பாடறவரு அவ்ளோ ஓட்டம் ஓடினாரே, மூச்சு வாங்கி ஒரு இடத்துலயாவது சுருதி விலகும்னு காத்துக்கிட்டே இருந்தேன். விலகவே இல்ல."

அண்ணனின் அப்பா சாப்பிடுவதை நிறுத்திவிட்டு மருமகளை நிமிர்ந்து பார்த்தார். நானும் பார்த்தேன்.

"இவ்வளவு கவனிச்சிருக்கீங்களே அண்ணி!"

"வேற என்ன பண்றது? நாங்க நின்ன இடத்துலேர்ந்து மேடையே தெரியலையே. கண்ண மூடிக்கிட்டுக் கேட்டேன்."

அண்ணன் அவசரமாக ஒரு வாய் மோர் குடித்தார்.

"அவ கொஞ்சம் உயரம் கம்மி" என்றார் என்னிடம்.